எண்ணெய் வயலின் மேல் ஒரு பள்ளிக்கூடம்: பெல்மாண்ட் நிகழ்வு ஆய்வு

லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்துக்குச் சற்று மேற்கே, டெம்பிள் தெருப் பக்கம், எட்வர்ட் ஆர். ராய்பால் கற்றல் மையம் என்று ஒரு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. கட்டும் காலத்தில் அதன் பெயர் பெல்மாண்ட் கற்றல் மையம். அதை ஒட்டியே விஸ்டா எர்மோசா என்ற பூங்கா, சுமார் பத்து ஏக்கர். இரண்டும் 2008-ல் திறக்கப்பட்டன. ஆனால் பள்ளியின் கட்டுமானம் தொடங்கியது 1997-ல். இடைப்பட்ட பதினொரு வருடத்தில் திட்டம் ஒருமுறை முழுதாகக் கைவிடப்பட்டது, மறுபடி உயிர்பெற்றது, எழும்பி நின்ற இரண்டு கட்டிடங்கள் இடிக்கப்பட்டன. எல்லாம் முடிந்தபோது மொத்தச் செலவு ஏறத்தாழ 40 கோடி டாலரைத் தொட்டிருந்தது.

அங்கே சிக்கல் முழுக்கத் தரைக்குக் கீழே இருந்தது. பள்ளி நின்ற இடம் ஒரு பழைய எண்ணெய் வயல்.

எண்ணெய் எடுத்து முடித்த நிலத்தைச் சுத்தம் செய்து வீடு, பள்ளி, கடை என்று மாற்றும் வேலையைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்த நிகழ்விலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே தொழில்நுட்பம் தோற்கவில்லை. தேவையான கருவிகளும் முறைகளும் அப்போதே இருந்தன. வேலையின் வரிசை தப்பிப்போனது. நிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அஸ்திவாரம் போடுவதற்குப் பதிலாக, அஸ்திவாரம் போட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தார்கள்.

1892-லிருந்து கிடந்த நிலம்

1892-ல் எட்வர்ட் டோஹினி, சார்லஸ் கேன்ஃபீல்ட் என்ற இரண்டு பேர் இந்தப் பகுதியில் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். கையால் தோண்ட முடியாத ஆழம் வந்ததும், கூர் சீவிய யூகலிப்டஸ் மரத்தையே துளைப்பானாக்கி இடித்து இறக்கினார்கள். எண்ணெய் வந்தது. அப்புறம் அந்த ஊர் பழைய ஊராக இல்லை. 1895-ல் இந்த ஒரு வயலிலிருந்து மட்டும் சுமார் 7.5 லட்சம் பீப்பாய். அந்த ஆண்டு கலிபோர்னியா முழுவதும் எடுத்த எண்ணெயில் பாதிக்கு மேல் இது. 1897 வாக்கில் சுமார் 500 கிணறுகள். வீட்டுக் கொல்லையில், தெரு ஓரத்தில், இடம் கிடைத்த இடத்திலெல்லாம் மரக் கோபுரம் எழும்பியது.

இந்த வயலின் எண்ணெய் அதிக ஆழத்தில் இல்லை. சிறு முதலீட்டுக்காரர்கள்கூடத் துளை போட முடிந்தது. அதனால் நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கினார்கள். வற்றியதும் அதே வேகத்தில் போய்விட்டார்கள். கிணறுகளை மேற்பார்வை செய்ய மாநிலத்தில் ஒரு துறை வந்தது 1915-ல். அதற்கு முன் தோண்டி, அதற்கு முன்பே கைவிட்ட கிணறுகளுக்கு ஒழுங்கான பதிவு கிடையாது. எந்த இடத்தில், எவ்வளவு ஆழம், எப்படி மூடினார்கள் என்ற விவரம் பெரும்பாலும் தோண்டியவர்களோடேயே போய்விட்டது. மூடியது என்றால், கையில் கிடைத்ததைப் போட்டு அடைத்தார்கள் என்றுதான் பொருள்: மரக்கட்டை, கல், குப்பை, மண். உள்ளே இறக்கிய இரும்புக் குழாய்க்கு விலை இருந்ததால் அதையும் சில இடங்களில் உருவி எடுத்து விற்றுவிட்டார்கள்.

அப்புறம் வீடுகள் வந்தன. கோபுரங்கள் மறைந்தன. நூறு வருடம் கழித்து அந்த இடத்தில் நின்று பார்த்தால், எண்ணெய் வயல் என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

1985-ல் வந்த எச்சரிக்கை

பெல்மாண்டுக்குப் போவதற்கு முன், அதே நகரில் சில மைல் மேற்கே நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1985 மார்ச் 24-ம் தேதி மாலை, ஃபேர்ஃபாக்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடை வெடித்தது. 23 பேர் காயமடைந்தார்கள். கடையின் அடியில் மண்ணிலிருந்து கசிந்து ஏறிய மீத்தேன், காற்றோட்டம் இல்லாத ஒரு துணை அறையில் சேர்ந்து, ஒரு பொறியில் பற்றிக்கொண்டது. வெடித்த பிறகும் நடைபாதை விரிசல்களிலிருந்து தீ நாக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சுற்றுவட்டாரத்தை மூடி, வாயுவை வெளியேற்றத் துளை போட வேண்டியதாயிற்று. அந்த இடத்தின் கீழே இருப்பது சால்ட் லேக் எண்ணெய் வயல். லா பிரேயா தார்க் குட்டைகள் அங்கிருந்து நடை தூரம்தான்.

அந்த வாயு எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த கருத்து வரவில்லை. மண்ணில் புதைந்த தாவர எச்சங்கள் அழுகி உண்டான மேல்மட்ட வாயு, நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்ததால் தள்ளப்பட்டது என்று நகரம் அமைத்த குழு சொன்னது. எண்ணெய் வயலின் ஆழத்திலிருந்து பழைய கிணறுகள் வழியாகவும் நிலப்பிளவு வழியாகவும் ஏறியது என்று வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். இந்த விவாதம் முக்கியமானதுதான். ஆனால் மேலே கட்டிடம் கட்டுகிறவருக்கு இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: இந்த மண் மூச்சு விடுகிறது, மூடிய தரையின் கீழே அந்த மூச்சு சேரும். 1989-ல் அதே இடத்தில் மறுபடி வாயு கிளம்பியது. அந்த முறை வெடிக்கவில்லை.

அந்தச் சம்பவத்தின் நிழல் நகரத்தின் மேல் நீண்ட நாள் கிடந்தது. வில்ஷயர் சாலையின் கீழே சுரங்க ரயில் தோண்டுவதற்கு மத்திய அரசுப் பணம் தரக்கூடாது என்று நாடாளுமன்றத்தில் தடை வந்து, இருபது வருடத்துக்கு மேல் நீடித்தது. இவ்வளவும் நடந்தது பெல்மாண்ட் கட்டுமானம் தொடங்குவதற்கு ஒரு வியாழவட்டம் முன்பு. எண்ணெய் வயலின் மேல் கட்டினால் என்ன ஆகும் என்று அந்த ஊருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

பெல்மாண்டில் நடந்தது

பள்ளி வேண்டும் என்ற தேவை உண்மையானது. பழைய பெல்மாண்ட் உயர்நிலைப் பள்ளியில் இடம் போதவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தினமும் பேருந்தில் வெகுதூரம் போய்ப் படித்துவந்தார்கள். பெரும்பாலும் வருமானம் குறைந்த, குடியேறிய குடும்பங்கள். நகர மையத்துக்குப் பக்கத்தில் 35 ஏக்கர் காலி நிலம் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். அது ஏன் இத்தனை வருடம் காலியாகவே கிடந்தது என்ற கேள்வியை அப்போதே யாராவது விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் ஆய்வு எதுவுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆய்வுகள் நடந்தன. ஆனால் வாயு முழு வளாகத்தில் எங்கெங்கே, எவ்வளவு, எந்த அழுத்தத்தில் இருக்கிறது என்ற முழுப் படம் கைக்கு வருவதற்குள் கட்டுமானம் ஓடத் தொடங்கிவிட்டது. 1997-ல் வேலை ஆரம்பம். 1998, 1999-ல் மாநில நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் துறை உள்ளே வந்து, விரிவான பரிசோதனை வேண்டும் என்றது. மீத்தேன் இருந்தது. ஹைட்ரஜன் சல்பைடும் இருந்தது.

மீத்தேன் நச்சில்லை, ஆனால் காற்றில் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை கலந்திருந்தால் வெடிக்கும். அதற்கு மணமே கிடையாது. ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரியும். அளவு கூடி பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது நுகரும் திறனையே அது மரத்துப்போகச் செய்துவிடும். ஆபத்து அதிகமாகும்போது நாற்றம் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் இருக்கும் கட்டிடத்தில் இதை யாரும் மூக்கை நம்பி விட முடியாது.

2000 ஜனவரியில் பள்ளி வாரியம் திட்டத்தைக் கைவிட வாக்களித்தது. அப்போது கட்டிடங்கள் பாதிக்கு மேல் எழும்பியிருந்தன. 15 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. அதே மாதம் முதல் தேதியிலிருந்து கலிபோர்னியாவில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது: மாநிலப் பணத்தில் பள்ளி கட்டுவதானால், நிலத்தை வாங்கி வேலை தொடங்கும் முன்பே நச்சுப்பொருள் துறையின் மேற்பார்வையில் ஆய்வு நடந்து, அதன் ஒப்புதல் கிடைக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று பெல்மாண்ட்தான்.

பாதி கட்டிய கட்டிடங்கள் வெயிலிலும் மழையிலும் நின்றன. 2002-ல், வாயுத் தடுப்பு அமைப்புடன் பள்ளியை முடிக்கலாம் என்ற திட்டம் மறுபடி வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இன்னொரு செய்தி வந்தது: வளாகத்தின் கீழே ஒரு நிலநடுக்கப் பிளவு ஓடுகிறது. மறுபடி நிறுத்தம். 2003-ல் எடுத்த முடிவின்படி, பிளவின் மேல் இருந்த இரண்டு கட்டிடங்களை இடித்து, அந்தப் பகுதியைப் பூங்காவாக விட்டு, மீதியை முடித்தார்கள். 2004 இறுதியில் இடிப்பு நடந்தது. 2008-ல் பள்ளி திறந்தது.

சரி, இதில் எது விபத்து, எது தவறு? எண்ணெய் வயலும் நிலப்பிளவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு துரதிர்ஷ்டம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே நிலவியலின் இரு முகங்கள். பாறை மடிந்து உடைந்த இடங்களில்தான் எண்ணெய் தேங்குகிறது. அதே உடைப்புகள் வழியாகத்தான் அது மேலே கசிகிறது. எண்ணெய் வயலை ஆராய்கிறவர் பிளவையும் சேர்த்தே தேட வேண்டும். இதை இரண்டு தனித்தனி அறிக்கையாக, இரண்டு தனித்தனி வருடத்தில் கண்டுபிடித்ததுதான் பெல்மாண்டின் பெரிய செலவு.

தரைக்குக் கீழே எதைத் தேட வேண்டும்

எண்ணெய் வயலைச் சுத்தம் செய்வது என்றால் பலர் மனதில் வருவது கறுத்த மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றும் காட்சி. அது வேலையில் ஒரு பகுதி, அதுவும் ஒப்பீட்டில் எளிய பகுதி. கறுத்த மண் கண்ணுக்குத் தெரியும், தோண்டினால் தீரும். கிணறு அப்படித் தீராது. கைவிட்ட ஒவ்வொரு கிணறும் எண்ணெய்த் தட்டிலிருந்து, அதாவது எண்ணெய் தேங்கிய பாறை அடுக்கிலிருந்து, தரை வரை போட்டுவைத்த ஒரு நேர்வழி. எண்ணெய் எடுப்பது நின்ற பிறகு கீழே அழுத்தம் மெல்ல மெல்லத் திரும்ப ஏறும். நாற்பது வருடம் அமைதியாக இருந்த கிணறு நாற்பத்தோராவது வருடம் கசியலாம்.

அதனால் முதல் வேலை காகிதத்தில். பழைய வான்வழிப் படங்கள், மாநிலத் துறையின் கிணற்றுக் கோப்புகள், தீ காப்பீட்டுக்காக வரைந்த பழைய தெரு வரைபடங்கள். இந்தக் கடைசி வகை பெரிய உதவி: நெருப்பு அபாயத்தைக் கணக்கிடுவதற்காக ஒவ்வொரு மரக் கோபுரத்தையும் எண்ணெய்த் தொட்டியையும் அதில் குறித்துவைத்தார்கள். நூறு வருடம் முன்பு காப்பீட்டுக் கணக்குக்கு வரைந்த ஒரு கோடு இன்று ஒரு வகுப்பறையைக் காப்பாற்ற முடியும்.

பிறகு நிலத்தில். காந்தமானியை இழுத்துக்கொண்டு நெருக்கமான கோடுகளில் நடந்தால், புதைந்த இரும்புக் குழாய் இருக்கும் இடத்தில் அளவு துள்ளும். குழாயை உருவிவிட்ட கிணறு என்றால் கருவி மௌனமாக இருக்கும்; அங்கே மண்ணை மெல்லச் சுரண்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. வரைபடம் காட்டும் இடமும் கிணறு உண்மையில் இருக்கும் இடமும் பல அடி தள்ளி இருப்பது சாதாரணம். கோப்பில் எட்டுக் கிணறு இருந்தால் எட்டையும் கண்ணால் பார்க்கும் வரை எட்டு என்று எழுதக்கூடாது. ஒன்பதாவது கிடைக்கும்போது ஆச்சரியப்படவும் கூடாது.

கிணறு கிடைத்ததும் கசிவு பார்க்கிறார்கள். பழைய அடைப்பு போதாது என்றால் மறுபடி மூடுவதற்கு ரிக் எனும் துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுவர வேண்டும். மேலிருந்து பழைய குப்பையைத் துளைத்து எடுத்துக்கொண்டே இறங்கி, எண்ணெய்த் தட்டுக்குக் குறுக்கே சிமெண்ட், நன்னீர்த் தட்டைக் காக்கும் இடத்தில் சிமெண்ட், தரைப்பக்கம் 25 அடிக்கு சிமெண்ட் என்று அடைக்கிறார்கள். பிறகு குழாயைத் தரைக்கு ஐந்து முதல் பத்து அடி கீழே வெட்டி, அடையாள எண் பொறித்த இரும்புத் தகட்டை மேலே பற்றவைக்கிறார்கள். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறங்குகிற வேலை இது. நூறு வருடம் முன்பு உள்ளே விழுந்த ஒரு கருவியோ மரத்தடியோ வழியை மறித்தால் வாரக்கணக்கில் ஒரே கிணற்றில் நிற்க வேண்டிவரும். மதிப்பீட்டில் எழுதிய தொகை எங்கே உடையும் என்றால், பெரும்பாலும் இங்கேதான்.

நன்றாக மூடிய கிணற்றின் மேலும் கட்டிடம் கட்டலாமா? கூடுமானவரை வேண்டாம் என்பதுதான் கலிபோர்னியாவின் கிணறு மேற்பார்வைத் துறை நெடுங்காலமாகச் சொல்லிவந்தது. இரண்டு பக்கம் குறைந்தது 10 அடி, மூன்றாவது பக்கம் 50 அடி விட்டு, நான்காவது பக்கத்தைத் திறந்தே வைக்கச் சொன்னது அதன் வழிகாட்டுதல். காரணம் நடைமுறை சார்ந்தது: என்றாவது கசிந்தால் ரிக் உள்ளே வந்து நிற்க இடம் வேண்டும். இதை மனதில் வைத்து வரைந்தால் கிணறுகள் வாகன நிறுத்தத்திலும் புல்வெளியிலும் விழும்படி மனையைப் பிரிக்கலாம். கட்டிட வரைபடத்தை முடித்துவிட்டுக் கிணற்றைத் தேடினால், கிணறு எப்போதும் சமையலறைக்குக் கீழேதான் இருக்கும்.

மண்

மண்ணில் இருப்பது கச்சா எண்ணெய் மட்டும் என்றால் நிலைமை மோசமில்லை. பல காலம் வெயில் மழை பட்ட எண்ணெயில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டிருக்கும். மீதி தார் மாதிரி மண்ணோடு ஒட்டிக்கொண்டு அதிகம் நகராது. நடுத்தர எடையுள்ள பகுதியைப் பாக்டீரியா தின்னும். மண்ணைப் பரப்பி, நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்த்து, ஈரம் குறையாமல் உழுதுகொண்டே இருந்தால் சில மாதங்களில் அளவு நன்றாகக் குறையும். தார் போன்ற கடினப் பகுதியை அது தொடாது; அந்த மண்ணைச் சாலைக்கு அடித்தளக் கலவையாக மாற்றிப் பயன்படுத்துவது இந்தத் தொழிலில் பழகிய வழி. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தோண்டும்போது மண்ணுக்கு மிக அருகே ஆவிமானியை வைத்துப் பார்க்கிறார்கள். பத்து லட்சத்தில் 50 பங்கைத் தொட்டால் அந்த மண்ணைத் தனியாகப் பிரித்து, ஆவி பரவாமல் மூடிவைக்க வேண்டும் என்பது அங்குள்ள காற்றுத் தர விதி.

எண்ணெயோடு வந்த மற்றவைதான் தொல்லை. கிணறு துளைக்கும்போது உள்ளே செலுத்தும் சேற்றுக் கலவையில் பேரியமும் குரோமியமும் இருக்கலாம். பழைய சேற்றுக் குழிகளுக்கு அடியில் விரிப்பு எதுவும் போடாத காலம் அது. எண்ணெய்க் கழிவு, சேறு, ரசாயனம் எல்லாம் ஒரே குழியில் போய், மண் தள்ளி மூடப்பட்டிருக்கும். குழாய்களின் உட்புறம் படிந்த செதிலில் ரேடியம் இருக்க வாய்ப்புண்டு. தொட்டிகளின் அடிமண்டியில் ஈயம், பழைய மின்மாற்றிகள் நின்ற இடத்தில் பி.சி.பி. என்ற நச்சு ரசாயனம். இவற்றைப் பாக்டீரியா ஒன்றும் செய்யாது. எண்ணெயோடு மேலே வரும் உப்பு நீரும் அப்படித்தான்: மண்ணின் கட்டமைப்பையே குலைத்து, செடி முளைக்காத களர் ஆக்கிவிடும். அங்கே தோட்டமோ பூங்காவோ வேண்டுமானால் ஜிப்சம் போட்டு, நீர் விட்டு உப்பைக் கழுவி இறக்க வேண்டும். கழுவிய நீர் எங்கே போகும் என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும். மொத்த எண்ணெய் அளவை மட்டும் பார்க்கும் ஒற்றைப் பரிசோதனையை நம்பி “நிலம் சுத்தம்” என்று கையெழுத்துப் போடும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

வாயுவுக்கு ஒரு அளவுகோல்

1985-க்குப் பிறகு நகரம் கற்றதும் பெல்மாண்ட் கற்றுக்கொடுத்ததும் சேர்ந்து, 2004-ல் லாஸ் ஏஞ்சலஸ் மீத்தேன் விதிகளைத் திருத்தி விரிவாக்கியது. நகரத்தில் மீத்தேன் மண்டலம், அதைச் சுற்றி இடைமண்டலம் என்று குறித்தார்கள். அதற்குள் கட்ட வேண்டுமானால் முதலில் மண்வாயுப் பரிசோதனை. மேலோட்டமாகச் சில அடி ஆழத்தில் பல இடங்களில் பார்த்து, அதிகம் காட்டும் இடங்களில் அஸ்திவார மட்டத்துக்குக் கீழே 5, 10, 20 அடி என்று வெவ்வேறு ஆழத்தில் குழாய் இறக்கி வாயுவின் அளவையும் அழுத்தத்தையும் எடுக்க வேண்டும்.

கிடைத்த எண்ணைப் பொறுத்து ஐந்து நிலைகள். பத்து லட்சத்தில் 100 பங்கு வரை முதல் நிலை; 12,500-ஐத் தாண்டினால் ஐந்தாவது. அந்த 12,500 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விதியின் நியாயம் புரியும். மீத்தேன் வெடிக்கத் தொடங்கும் அளவு 5 சதவீதம், அதாவது 50,000 பங்கு. அதன் கால்பங்குதான் 12,500. அளவோடு அழுத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பது இந்த விதியின் நல்ல அம்சம். அழுத்தமில்லாத வாயு மண்ணில் அப்படியே கிடக்கலாம். அழுத்தத்தோடு இருப்பது விரிசல் தேடி ஏறும்.

உயர்ந்த நிலையில் என்ன செய்ய வேண்டும்? தரைத் தளத்துக்குக் கீழே ஜல்லி அடுக்கு, அதில் துளையிட்ட குழாய்கள், அவற்றைக் கூரைக்கு மேல் கொண்டுபோய்த் திறக்கும் புகைபோக்கி போன்ற குழாய், ஜல்லிக்கு மேல் வாயு ஊடுருவாத விரிப்பு, அதன் மேல் கான்கிரீட். மின்கம்பிக் குழாய்கள் வழியாக வாயு உள்ளே நுழையாமல் அடைப்பு. அறைக்குள் வாயு உணர்கருவி, எச்சரிக்கை மணி, தேவைப்பட்டால் மின்விசிறி கொண்டு உறிஞ்சும் ஏற்பாடு. நிலத்தடி நீர் உயர்ந்து ஜல்லியை நிரப்பினால் வாயு போக வழியிருக்காது என்பதால் நீரை வெளியேற்றும் ஏற்பாடும் சேரும்.

இந்தப் பட்டியலைப் படித்ததும் பெல்மாண்டின் வலி புரிந்துவிடும். ஜல்லியும் குழாயும் விரிப்பும் கான்கிரீட்டுக்குக் கீழே போக வேண்டியவை. தரை போடும் முன் அவை ஒரு சாதாரண வேலை. ஒரு குழு சில வாரத்தில் முடித்துவிடும். தரை போட்ட பிறகு அதே பாதுகாப்பை உண்டாக்க, நிற்கும் கட்டிடத்தைச் சுற்றியும் அடியிலும் வழி தேட வேண்டும். ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு குழாய் நுழையும் இடமும் தனித்தனிப் பிரச்சினை. 1997-ல் சில மாதம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும் தீர்வுக்கு, பின்னால் பல வருடமும் பல கோடியும் கொடுத்தார்கள். காத்திருந்த பிள்ளைகள் அதற்குள் வேறெங்கோ படித்து முடித்து வெளியே போயிருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தக் கணக்கில் பெரிய இழப்பு அதுதான்.

பக்கத்தில் ஒரு குன்று

இதே பிரச்சினையை வேறு விதமாகக் கையாண்ட ஊர் அதே வட்டாரத்தில் இருக்கிறது. லாங் பீச் நகரம் நாலாபுறமும் சூழ்ந்த சிக்னல் ஹில். 1921 ஜூன் 23-ம் தேதி அலமிட்டோஸ் முதலாம் எண் கிணறு பீறிட்டு அடித்தது. சில வருடத்தில் குன்று முழுக்கக் கோபுரங்கள்; தூரத்திலிருந்து பார்த்தவர்கள் முள்ளம்பன்றிக் குன்று என்று பெயர் வைத்தார்கள். 1924-ல் தனி நகரமானது. பரப்பு இரண்டு சதுர மைலுக்குச் சற்று மேல்.

இவ்வளவு சிறிய நிலத்தில் இவ்வளவு கிணறு இருந்தால், கிணறே இல்லாத மனையைத் தேடிக் கட்டுவது என்பது நடக்காத காரியம். அந்த ஊர் கிணறு இருக்கும் என்ற எண்ணத்தோடேயே தொடங்கியது. கட்ட அனுமதி கேட்டு வருகிறவர் முதலில் தன் மனையில் உள்ள ஒவ்வொரு கைவிட்ட கிணற்றையும் அகழ்ந்து காட்டி, கசிவுப் பரிசோதனை செய்து, மீத்தேன் ஆய்வும் கொடுக்க வேண்டும். தேவையான இடத்தில் மறுபடி மூட வேண்டும், வாயு போக வழி செய்ய வேண்டும். அதன் பிறகுதான் கட்டிடப் பேச்சு. இன்று அந்தக் குன்றின் மேல் வீடுகளும் பூங்காக்களும் இருக்கின்றன. சில இடங்களில் எண்ணெய் பம்புகள் இன்னும் தலையாட்டிக்கொண்டிருக்கின்றன.

சிக்னல் ஹில்லில் எல்லாம் குறையின்றி நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணெய் எடுத்துக்கொண்டே பக்கத்தில் வீடு கட்டுவது சரியா என்ற கேள்வி அங்கே இன்னும் இருக்கிறது, இருக்க வேண்டும். ஆனால் வரிசையில் அந்த ஊர் தெளிவாக இருந்தது: கிணறு முதலில், மண்ணும் வாயுவும் அடுத்து, கட்டிடம் கடைசியில்.

திறந்த பிறகு

பெல்மாண்ட் மாதிரியான இடத்தில் திறப்பு விழாவோடு வேலை முடிவதில்லை. விரிப்பைப் பூச்சி அரிக்காது, ஆனால் ஒரு பிளம்பர் புதுக் குழாய் இறக்குவதற்காகத் தரையைத் துளைக்கலாம். கீழே விரிப்பு இருப்பது அவருக்குத் தெரியாவிட்டால் ஒரே நாளில் அதன் பயன் போய்விடும். வாயு உணர்கருவிகளுக்கு ஆயுள் உண்டு. அவ்வப்போது அளவு சரிபார்த்து, காலம் வந்ததும் மாற்ற வேண்டும். மின்விசிறி நின்றால் யாராவது கவனிக்க வேண்டும். எச்சரிக்கை மணி இரண்டு முறை பொய்யாக அடித்தால் மூன்றாவது முறை யாரோ அதை அணைத்து வைத்துவிடுவார்கள். கட்டிடப் பராமரிப்பில் இருந்த எவரும் இதை அறிவார்கள்.

அதனால் மனையின் பத்திரத்திலேயே கிணறுகளின் இடம், விரிப்பின் இடம், தரையைத் துளைக்கக்கூடாது என்ற நிபந்தனை எல்லாம் பதிவாகி, நிலம் கைமாறும்போது அதுவும் சேர்ந்து கைமாற வேண்டும். பராமரிப்புக்கான பணத்தைக் கட்டுமானப் பணத்தோடு சேர்த்து முதலிலேயே ஒதுக்க வேண்டும். 1890-களில் கோபுரம் நாட்டியவர்கள் விட்டுச் சென்ற கிணறுகளைத் தேடி நாம் காந்தமானியோடு நடப்பதற்குக் காரணம், அவர்கள் எழுதி வைக்காததுதான். விஸ்டா எர்மோசா பூங்காவின் புல்வெளிக்குக் கீழே என்ன இருக்கிறது, பக்கத்துப் பள்ளியின் தரைக்குக் கீழே எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதை 2090-ல் அங்கே வேலைக்கு வரும் ஒருவர் ஒரு கோப்பைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடிய வேண்டும்.